எட்டாவது முட்டை

என் அம்மா காளியாத்தாள் ஐந்து வருஷமாக வீட்டில் படுத்துத் தூங்கியதில்லை. அப்பாவோடு சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா குஞ்சு பொரிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் படுத்தாள்.

எங்கள் தோட்டம் திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் வரும். முன்னால் வீடு. பின்னால், மரவள்ளிக் காட்டைத் தாண்டி, இங்கே கத்தினால் அங்கே கேட்காத தூரத்தில் பொரிப்புக் கொட்டகை. உள்ளே பீரோ மாதிரி நிற்கிற மெஷினில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும். சூடு தொண்ணூற்றொன்பதரை டிகிரியில் நிற்க வேண்டும். இரண்டு டிகிரி மேலே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் கரு வெந்துவிடும். ஒரு தடவை அடுக்கி வைக்கிற முட்டை ஒரு ஈடு, அது குஞ்சாவதற்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அம்மா அங்கேயே கட்டில் போட்டுக் கிடந்து, கண்ணாடிக் கதவு வழியாகத் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு ஈடு முடிந்தால் அடுத்த ஈடு வந்து நிற்கும்.

வேறு ஆளே இல்லையா என்றால், இருந்தார். என் அப்பா சின்னுசாமி. அம்மா தன் தம்பி கல்யாணத்துக்கு ராசிபுரம் போனபோது மெஷினை அவரிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போர் போடுகிற ரிக் லாரி வந்தது. நிலத்தைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் பீறிட்டு அடிக்கப்போகிறது என்றால் எந்த விவசாயிக்குக் கால் நிற்கும்? அப்பா வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். இங்கே மெஷினில் சூட்டைப் பரப்புகிற காற்றாடி நின்று, மொத்த முட்டையும் உள்ளேயே வெந்துபோனது. அம்மா வந்து கதவைத் திறந்து பார்த்தாள். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் போட்டவள்தான்.

ஒவ்வொரு ஈட்டுக்கும் முன்னால் கிருமி சாக மெஷினுக்குப் பார்மலின் புகை போடுவார்கள். கண் எரியும், தொண்டை கமறும். ஐந்து வருஷம் அந்தக் காற்றிலேயே கிடந்தால் நெஞ்சு என்னவாகும்? அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான்கு எட்டு வைத்தால் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு அடுத்த நான்கு எட்டு. சேலத்தில் ஒரு டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும், இனிமேல் அந்தக் கொட்டகையில் படுக்கவே கூடாது, படுத்தால் நான் பொறுப்பில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா, "முட்டை வெச்சிருக்குது, ஊட்டுக்குப் போலாம் நட" என்றாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என் பெயர் சௌந்திரம். ஊரில் யாரும் பெயர் சொல்லி விசாரிக்க மாட்டார்கள், "அந்தக் கோவக்காரப் புள்ள" என்றால் போதும். அப்போது 1986. நான் எலக்ட்ரானிக்ஸ் இஞ்சினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டிலேயே அம்மாவோடு சண்டை பிடித்தேன். உன் உசுரைவிட முட்டை பெரிதா என்று கத்தினேன். அக்கம்பக்கம் எல்லாம் திரும்பிப் பார்த்தது.

"முட்டை இல்ல அம்மிணி, உள்ள உசுரு இருக்குது" என்றாள் அம்மா. "பாக்கறதுக்கு ஆள் இல்லாம எப்படி உட்டுட்டு வாரது?"

"ஊட்டுல உக்காந்துகிட்டே சூடு எத்தனைன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா வாரேன். நெசமாத் தெரியோணும். ஒரு ஈடு முழுக்க உன்ற மெஷின் பொய் சொல்லாம இருக்கட்டும், சேலத்துல எங்க படுக்கச் சொல்றயோ அங்க படுக்கறேன். ஒரே ஒரு பொய் சொல்லுச்சுன்னாலும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கக்கூடாது."

சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

நான் செய்தது இதுதான்: கொட்டகை மெஷினுக்குள் சூட்டை அளக்கிற ஒரு சின்னச் சாமான். அது சொல்லும் அளவை ஒன்றும் சைபருமான நான்கு எழுத்தாக மாற்றி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்பி வழியாக வீட்டுக்கு அனுப்ப ஒரு பெட்டி. வீட்டுச் சுவரில் அதைப் படித்து எண்ணாகக் காட்ட ஒரு பலகை. நான்கே எழுத்தில் தொண்ணூற்றெட்டு டிகிரியிலிருந்து கால் கால் டிகிரியாக ஏறி நூற்றொன்றே முக்கால் வரைக்கும் சொல்லிவிடலாம். கல்லூரி லேபில் அருமையாக வேலை செய்தது. தோட்டத்தில் கம்பி இழுத்ததும் மானம் போயிற்று. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரை யாராவது அமுக்கினால் போதும், கம்பியில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சைபர் ஒன்றாகிவிடும். பலகை வாய் கூசாமல் பொய் சொல்லும்.

அம்மாவுக்குக் காட்டுவதற்கு முன்பே நடந்ததால் பிழைத்தேன். லைப்ரரியில் போய் உட்கார்ந்தேன். ஹாமிங் என்று ஓர் அமெரிக்கக் கணக்குக்காரர். லீவு நாளில் கம்ப்யூட்டருக்கு வேலை கொடுத்துவிட்டுப் போவாராம். அது நடுவில் ஏதோ தப்பு என்று கண்டுபிடித்து வேலையை அப்படியே போட்டுவிட்டு நிற்குமாம். தப்பு என்று கண்டுபிடிக்கத் தெரிகிறதே, எங்கே தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா என்று எரிச்சல் பட்டுத்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தாராம். கோபத்தில் பிறந்த கணக்கு என்றதும் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

அம்மாவுக்குப் புரியவைக்காமல் அவளை அசைக்க முடியாது. சமையல்கட்டுத் தரையில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டேன், ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல. அப்படிப் போட்டால் ஏழு கட்டம் வரும். மூன்று வட்டமும் சேருகிற நடுக்கட்டம் ஒன்று, இரண்டிரண்டு வட்டம் சேருகிற கட்டம் மூன்று, ஒரே வட்டத்துக்குச் சொந்தமான ஓரக்கட்டம் மூன்று.

"முட்டை இருந்தா ஒண்ணு, இல்லாட்டி சைபர்" என்றேன். "உள்ள இருக்கற நாலு கட்டத்துலதான் சேதி. அதுல இஷ்டப்படி முட்டை வெச்சுக்கம்மா. ஓரத்துல இருக்கற மூணும் காவல். ஒவ்வொரு வட்டத்துலயும் முட்டை ரெட்டைப்படையா வர்ற மாதிரி அதை நான் வெப்பேன். இப்ப நான் திரும்பிக்கறேன். ஏதாச்சும் ஒரு கட்டத்துல கை வை. முட்டை இருந்தா எடுத்துரு, இல்லாட்டி வை."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு வட்டத்தில் ஒற்றைப்படை, மூன்றாவது சரியாக இருக்கிறது. அந்த இரண்டுக்கும் மட்டும் பொதுவான கட்டம் ஒன்றுதானே உண்டு? தொட்டுக் காட்டினேன்.

"அட!" என்றாள் அம்மா. மறுபடி திரும்பச் சொன்னாள். மறுபடி கண்டுபிடித்தேன். எந்தெந்த வட்டம் கெட்டிருக்கிறதோ, அதுவே குற்றவாளியின் விலாசம். நான்கைந்து தடவை ஆடிவிட்டு அம்மா சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். கடைசித் தடவை நான் அடித்துச் சொன்ன கட்டம் தப்பாகப் போயிற்று.

"ரெண்டு கட்டத்துல கை வெச்சிட்டேன்" என்றாள், முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு. "தோத்துட்டே!"

"அது கள்ளாட்டம்" என்றேன். "கம்பியில ரெண்டு ஒண்ணாக் கெடாதும்மா. ஒரு தடவைக்கு ஒண்ணு கெட்டாலே பெருசு."

நான்கு எழுத்து ஏழு எழுத்தாயிற்று. பலகை இப்போது கெட்ட எழுத்தைத் தானே கண்டுபிடித்து, திருத்தி, சரியான எண்ணைக் காட்டியது. நான் ஸ்டார்ட்டரை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பதரை கல்லு மாதிரி நின்றது. நான் கல்லூரிக்குப் போயிருந்த நாளில் அப்பா தளர்ந்து தொங்கிய கம்பியை எல்லாம் இழுத்து, கம்பத்துக்குக் கம்பம் அழகாகக் கட்டி வைத்திருந்தார். பாவம், பெண்ணுக்கு ஒத்தாசை. அம்மாவின் கட்டில் வீட்டுக்கு வந்தது. காலையும் மாலையும் முட்டையைத் திருப்பிவிடக் கொட்டகைக்குப் போய் வருவாள், மற்ற நேரமெல்லாம் பலகைக்கு எதிரில். இருமல் குறைந்தது. ஒரு நாள் குறட்டைகூட விட்டாள். நான் எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். சோறு தின்றுகொண்டிருந்தோம். பலகை மாறியது.

நூற்றொன்றரை.

அம்மா எழுந்ததைத்தான் பார்த்தேன், செருப்புக்கூடப் போடவில்லை. மரவள்ளிக் காட்டுக்குள் விழுந்து ஓடினாள். "அம்மா, ஓடாதே!" என்று நான் பின்னாலேயே ஓடினேன். எட்டிப் பிடிக்க முடியவில்லை. நான்கு எட்டுக்கு ஒரு தடவை நிற்கிறவள் ஒரே மூச்சில் கொட்டகை வரைக்கும் ஓடி, கதவைத் திறந்து, தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, அப்படியே வாசற்படியில் சாய்ந்துவிட்டாள். உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு உள்ளே போகாமல் கர்கர் என்று இழுத்தது. மடியில் போட்டுக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

தெர்மாமீட்டரில் தொண்ணூற்றொன்பதரை. ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை.

மூச்சு திரும்பியதும் அம்மா சொன்ன முதல் பேச்சு, "கட்டலைக் கொண்டாந்து இங்க போடு. இப்படி ஓடிச் சாகறதுக்கு இங்கயே கெடக்கறேன்."

"அம்மா, ஒரே ஒரு தடவை..."

"பேச்சுன்னா பேச்சு."

நானே கட்டிலைச் சுமந்துகொண்டு போய்ப் போட்டேன். அழுதேன். கோபக்காரிக்கு அழுகையும் கோபமாகத்தான் வரும், கொட்டகைச் சுவரை நாலு உதை உதைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து பலகைக்கு எதிரில் உட்கார்ந்தேன். என்ன ஆனாலும் சரி, இது ஏன் பொய் சொன்னது என்று தெரியாமல் எழுந்திருப்பதில்லை.

பலகையின் பின்னால், கம்பியில் வந்த ஏழு எழுத்தையும் திருத்தாமல் வந்தது வந்தபடி காட்டுகிற ஏழு சின்ன விளக்குகள் வைத்திருந்தேன். மறுநாள் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் மறுபடி நூற்றொன்றரை! பின்னால் எட்டிப் பார்த்தேன். சேதி நான்கும் பத்தரை மாற்றுத் தங்கம், ஒரு குறை இல்லை. கெட்டிருந்தது காவல் எழுத்தில் இரண்டு. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. இரண்டு வட்டத்தில் ஒற்றைப்படை என்றதும் பலகை என்ன செய்யும்? இரண்டுக்கும் பொதுவான கட்டம்தான் குற்றவாளி என்று தீர்மானித்து, ஒழுங்காக இருந்த எழுத்தைப் பிடித்து மாற்றிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தப்பைத் திருத்துகிறேன் பேர்வழி என்று தப்பே இல்லாத இடத்தில் தப்பு செய்திருக்கிறது, அதையும் எத்தனை தைரியமாக!

ரெண்டு ஒண்ணாக் கெடாது என்று சமையல்கட்டில் நான் பேசிய பேச்சு காதில் வந்து அறைந்தது. ஆனால் மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றைத்தானே கெடுத்துக்கொண்டிருந்தது? இரண்டைக் கெடுக்கிற வேறு எதுவோ ஒன்று பட்டப்பகலில் நடக்கிறது. அதுவும் அந்த வாரம் எங்கள் லைனில் பகலுக்கு மூன்று பேஸ் கரண்டு கிடையாது, இரண்டு பேஸ்தான். இரண்டு பேஸில் விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. மோட்டாரே ஓடாத நேரத்தில் கெடுப்பது யார்?

அடுத்த நாள் டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் எங்காவது மின்பொறி பறந்தால் ரேடியோ கரகரவென்று கத்தும், யாருக்கும் தெரிந்த விஷயம். அதைக் காதோடு வைத்துக்கொண்டு என் கம்பியின் கீழேயே வெயிலில் போவதும் வருவதுமாக நடந்தேன். தலை காய்ந்தது. திடீரென்று ரேடியோ அலறியது. கொட்டகை இருக்கிற பக்கம் நடந்தால் அலறல் கூடியது. சுற்றிக்கொண்டு பின்சுவருக்குப் போனேன். தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூட்டைகளுக்கு நடுவில் குந்தவைத்து உட்கார்ந்திருந்தார் என் அப்பா. கையில் ஒரு சுவிட்சு. பக்கத்தில் கோணிச்சாக்கால் போர்த்திய கண்டன்சர்.

விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று பேஸ் இருந்தால்தான் ஓடுவேன் என்று அடம் பிடிக்கிற மோட்டாரை, கண்டன்சர் மாட்டி ஏமாற்றி இரண்டு பேஸிலேயே ஓட்டலாம். சட்டப்படி தப்பு. பிடித்தால் கரண்டை வெட்டிவிடுவார்கள். ஆனாலும் அந்த நாளில் கண்டன்சர் இல்லாத கிணறு எங்கள் பக்கம் தேடினாலும் கிடைக்காது. எங்களுடையது போர் போட்ட குழிக்குள் இறக்கிய மோட்டார், ஓடினாலும் வெளியே சத்தம் வராது. அதனால்தான் எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல அப்பா விழித்தார்.

"இதை எதுக்குங்கப்பா இங்க கொண்டாந்து வெச்சீங்க?"

"கெணத்து ரூம்புல வெச்சா செக்கிங் வர்றவங்க மொதல்ல அங்கதான் பாப்பாங்க சாமி. இங்கன்னா கிருமி வந்துரும்னு உன்ற அம்மா ஒருத்தரையும் அண்ட உடமாட்டா. இதைவிட நல்ல எடம் எது?"

"கெணத்துல இருந்து இங்க வரைக்கும் வயரு எப்படி வந்துச்சு?"

அப்பா மேலே காட்டினார். கம்பத்துக்குக் கம்பம் என் கம்பியோடு அவருடைய வயரையும் சேர்த்து, பூமாலை தொடுத்தாற்போல முறுக்கிக் கட்டியிருந்தார். "உன்ற கம்பி போற வழியாத்தானே போவுதுன்னு ஒண்ணாக் கட்டிட்டேன். பாக்கறதுக்கும் லட்சணமா இருந்துச்சு."

நான் வாயைத் திறந்தேன் பாருங்கள், மரத்திலிருந்த காக்கை பறந்துபோயிற்று. நீங்கள் கட்டிய லட்சணத்தில் அம்மா செத்திருப்பாள் என்றேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் முட்டையை வேகவைத்தீர்கள், இப்போது அம்மாவையே என்று ஆரம்பித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"மரவள்ளி காயுது சாமி, வேற என்ன பண்ணுவேன்?" என்றார். "அவ ஓடி உழுந்தது என்னாலயா? எனக்குத் தெரியாதே."

அன்று சாயங்காலமே இரண்டு பேருமாக அந்த மாலையைப் பிரித்தோம். என் கம்பியைத் தனியாக, காட்டின் மறுபக்கமாகக் கொண்டுபோனோம். அப்பாவுக்கு அதோடு தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை. இன்றைக்குக் கண்டன்சர், நாளைக்கு இடி மின்னல், அதற்கு மறுநாள் பக்கத்துத் தோட்டத்தில் வெல்டிங். எது வந்தாலும் இரண்டு ஒன்றாகக் கெடத்தான் செய்யும். அப்போது பலகை மறுபடி துணிந்து பொய் சொல்லும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. அந்த வாயை வைக்காமல் அம்மா முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவு கட்டினேன்.

வழி புத்தகத்திலேயே இருந்தது. நான்தான் இதெல்லாம் நமக்கு எதற்கு என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டிருந்தேன். அதற்கு வேண்டிய ஐ.சி. சில்லு எங்கள் லேபில் இல்லை. சேலத்தில் ரேடியோ கடை ரேடியோ கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் அடுத்த வாரம் வா என்றார், அடுத்த வாரம் போனால் மறுபடி அடுத்த வாரம் என்றார். நான் அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். வருகிறவர்கள் எல்லாம் என்ன விஷயம் என்று கேட்க, எல்லோரிடமும் விவரமாகச் சொன்னேன். மத்தியானத்துக்குள் எங்கிருந்தோ சில்லு வந்துவிட்டது. அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது ரேடியோ கடைக்காரர் நகர மாட்டாரா?

வீட்டுக்கு வந்தால் அங்கே அம்மா கொட்டகையில் இருமிக்கொண்டிருந்தாள். காட்டைத் தாண்டிக் கேட்காத சத்தம் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஈயம் உருக்கிப் பற்றவைத்து, சோதித்து, கழற்றி, மறுபடி பற்றவைத்தேன். பலகையில் சிவப்பாக ஒரு விளக்கைப் பொருத்தினேன். ஒரு காலை நேரம் எட்டு முட்டையும் சாக்பீஸுமாகக் கொட்டகைக்குப் போனேன்.

"எடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே. "ஒரு தடவை பொய் சொன்னது சொன்னதுதான்."

நான் சண்டைக்குப் போகவில்லை. எனக்கே ஆச்சரியம். தரையில் மூன்று வட்டம் போட்டு, முட்டைகளை அடுக்கி, வட்டத்துக்கெல்லாம் வெளியே எட்டாவதாக ஒரு கட்டம் போட்டேன்.

"வட்டத்துக்கு வட்டம் ரெட்டைப்படை, அது பழசு. இப்ப எட்டுக் கட்டத்தையும் சேத்து எண்ணினாலும் ரெட்டைப்படையா வரோணும். அதுக்குத்தான் இந்த எட்டாவது. கை வைம்மா."

வேண்டாவெறுப்பாக ஒன்றை எடுத்தாள். வட்டங்கள் புகார் சொல்லின, மொத்தமும் ஒற்றைப்படை. "ஒண்ணுதான் கெட்டிருக்குது, இந்தக் கட்டம்" என்றேன். சரி.

அடுத்த தடவை அவள் கண்ணிலேயே தெரிந்தது. இரண்டில் கை வைத்திருந்தாள். வட்டங்கள் புகார் சொல்லின, ஆனால் மொத்தம் இரட்டைப்படை. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் மொத்தம் ஒற்றைப்படையாகியிருக்குமே!

"எனக்குத் தெரியல" என்றேன்.

"என்ன தெரியல?"

"ரெண்டு கெட்டிருக்குது. எதெதுன்னு தெரியல. பலகையில இப்படி ஆச்சுன்னா நம்பரே வராது, செவப்பு லைட்டுதான் எரியும். எனக்குத் தெரியல, போய்ப் பாருங்கன்னு அர்த்தம்."

அம்மா இருமினாள். முட்டைகளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், "மூணு எடுத்தா?"

என் வாய்க்குள் ஒரு பதில் தயாராக இருந்தது. கம்பியில் மூன்று ஒன்றாகக் கெடாது என்கிற பதில். அதை விழுங்கினேன்.

"மூணு கெட்டா ஏமாந்துபோவேம்மா" என்றேன். "தப்பாத்தான் சொல்லுவேன். அது நடக்காம இருக்கறதுக்குத்தான் கம்பியைத் தனியா இழுத்திருக்கறோம். ஆனா நடக்கவே நடக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அம்மா என்னை முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். "இப்பத்தான் நெசம் பேசற" என்றாள். "இன்னொரு ஈடு பாக்கலாம்."

பார்த்தோம். இரண்டாவது ஈட்டில் சிவப்பு விளக்கு சில தடவை எரிந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மா எழுவதற்குள் அப்பா எழுந்து போய்விட்டார். போய், பார்த்து, திரும்பி வந்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறவர் மாதிரி நின்று சொல்வார். அவர் வந்து சொன்னதும், அடுத்த பத்து நிமிஷத்தில் பலகை காட்டியதும் ஒரு தடவைகூட மாறவில்லை. அந்த ஈட்டில் கூடையில் குஞ்சுகள் கிய்யா கிய்யா என்று நிரம்பி வழிந்தபோது, அம்மா ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "அடுத்த ஈட்டை வெச்சுட்டு சேலத்துக்குப் போலாம்" என்றாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். முட்டையைத் திருப்பிவிடுகிற வேலையும் இனி அவருடையது.

போகிற நாள் காலையில் அம்மா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். நான் பையில் மாற்றுத் துணியும் டாக்டர் சீட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். மெஷினில் புது ஈடு, முட்டை வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாசலைத் தாண்டப் போகும்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

பலகையில் எண் இல்லை. வெறும் சிவப்பு. நாலு வருஷப் படிப்பும் அத்தனை நாள் அலைச்சலும் இந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று என்று நினைத்தேன். அம்மா அந்த விளக்கையே பார்த்தபடி நின்றாள். இனி பையைக் கீழே வைக்கச் சொல்லுவாள், சேலையை மாற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவாள், அப்புறம் அவளை எந்தப் பிறவியிலும் கிளப்ப முடியாது.

அப்பா ஏற்கெனவே மரவள்ளிக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார். துண்டு கீழே விழுந்துகிடந்தது.

"அம்மா, கொஞ்சம் பொறு, அப்பா வந்து சொல்லட்டும்" என்றேன். "இல்லாட்டி நானே ஓடிப் போய்ப் பாத்துட்டு ஓடியாறேன்."

"பஸ்ஸு போயிரும்."

"அடுத்த பஸ்ஸுல போலாம்மா. உள்ள என்ன ஆச்சோ!"

அம்மா என் கையைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் பிடி இரும்பாக இருந்தது. "தெரியலைன்னுதானே சொல்லுது? பாக்கறதுக்கு அவரு போயிருக்காரு. நட அம்மிணி."

நான்கு எட்டு வைத்து நின்றாள், மூச்சு விட்டாள், அடுத்த நான்கு எட்டு வைத்தாள். இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரி நெடுக அப்படியே நடந்து சாலைக்கு வந்து சேர்ந்தோம். அம்மா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான்தான் பஸ் ஏறுகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.